புதன்கிழமை மாவு

ஜனவரி 20, செவ்வாய்

ஒருவழியா ரூம் கிடைச்சாச்சு. லாட்ஜ்ல கொசுவுக்கு ரத்தம் குடுத்தது போதும். திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறவங்க குடியிருக்குற லைன் வீடு. எதிரும் புதிருமா அறைகள், நடுவுல வாசல், எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். வடக்கே இருந்து வந்தவங்களும் உள்ளூர்க்காரங்களும் ஒரே காம்பவுண்டுல எப்படிப் பழகுறாங்கன்னு பார்க்க இதைவிட நல்ல இடம் அமையாதுன்னு என் கைடு வில்வநாதன் சார் சென்னையில ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு சந்தோஷப்பட்டார். அவருக்கென்ன, சொல்லுவார். பாத்ரூம் வரிசையில நிக்கப்போறது நான்.

வீட்டுக்காரர் நாச்சிமுத்து அய்யா ரொம்ப மரியாதையான மனுஷன். உக்கார வச்சு மோர் குடுத்து விசாரிச்சார். "சொந்த ஊரு எதுங் அம்மிணி?" சங்கரன்கோவில் பக்கம்னேன். "ஊருக்குள்ளயேங்களா?" ஆமாங்கன்னேன். "அப்பா என்ன பண்றாருங்க?" வாத்தியார்னேன். "எந்தத் தெருங்க?" பஸ் ஸ்டாண்டு பக்கம்னேன். அவருக்குத் திருப்தி. சாவியைக் குடுத்துட்டார்.

சாயங்காலம் அம்மா ஃபோன். "ஏட்டி, அங்க என்ன சொல்லியிருக்க?" ஒண்ணும் கேக்கலம்மான்னேன். "கேட்டாலும் வாயை விட்றாத" அப்படின்னு வச்சுட்டா. அப்பா ஆசையாக் குடுத்துவிட்ட காலண்டர், கோட்டு சூட்டுல கையில புத்தகத்தோட நிக்கிறவர் படம் போட்டது, சூட்கேஸ்லயே இருக்கு. சுவத்துல ஆணி இல்லை.

ஜனவரி 21, புதன்

விடிஞ்சதுல இருந்து கிரைண்டர் சத்தம். வீட்டுக்காரம்மா ருக்குமணியக்காவோட கிரைண்டர், மாடிப்படிக்குக் கீழே இருக்கு. லைன்ல இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்துல ஒரு நாள் முறை. கரண்ட்டுக்குக் காசெல்லாம் கிடையாது. அரைக்கிறவங்க ஒரு கிண்ணம் மாவை அக்காவுக்கு எடுத்து வச்சிட்டுப் போகணும், அவ்வளவுதான். எல்லா வீட்டு மாவும் அக்காவோட தூக்குல ஒண்ணாக் கலந்துடும். நாச்சிமுத்து அய்யா காலையில தின்னுற இட்லியில யார் மாவு எவ்வளவுன்னு அந்த முருகனுக்கே தெரியாது. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆய்வேட்டுல இதுக்கே ஒரு அத்தியாயம் ஒதுக்கலாம்.

இன்னிக்கு மினதியக்கா முறை. எதிர் ரூம். ஒடிசாக்காரங்க. புருஷன் தனேஸ்வர் கம்பெனியில அயர்ன் பண்றவர். இட்லிங்கிறதையே இங்க வந்துதான் பார்த்தாங்களாம், இப்போ வாரம் தவறாம அரைக்கிறாங்க. பொண்ணு லிபிகா பத்தாவது. மூணாம் வகுப்புல இருந்து இங்க அரசுப் பள்ளிக்கூடத்துல தமிழ் மீடியம். "ஏனுங்கக்கா, நீங்க திருநெல்வேலிப் பக்கமுங்களா, பேச்சு ஒரு மாதிரி இருக்குது" அப்படின்னு என்னையே கேலி பண்ணுது அந்தக் கழுதை. மார்ச் கடைசியில பரீட்சை. தமிழ்லதான் வகுப்புல முதலாம். பத்து முடிச்சா நர்சிங் படிக்கணும்னு சொல்லுச்சு. அவங்க அப்பா, பரீட்சை வரைக்கும் ஊர்ப்பேச்சே எடுக்கக்கூடாதுன்னு வீட்டுல சட்டம் போட்டிருக்காராம்.

"உங்களுக்கு எந்தக் கிழமை கண்ணு வேணும்?"னு ருக்குமணியக்கா கேட்டாங்க. நான் பாக்கெட் மாவு வாங்கிக்கிறேன்க்கான்னேன். எனக்கு ஊறப்போட்டு அரைக்கவெல்லாம் சோம்பல்.

ஜனவரி 25, ஞாயிறு

மினதியக்காகிட்ட பேட்டி எடுத்தேன். லிபிகாதான் மொழிபெயர்ப்பு. இத்தனை வருஷமாகியும் இங்க எல்லாரும் அவங்களை இந்திக்காரங்கன்னுதான் சொல்றாங்களாம். அந்தம்மாவுக்கு எனக்குத் தெரிஞ்ச அளவுகூட இந்தி தெரியலை.

என்ன சாதின்னு ஒரு கேள்வி வச்சிருக்கோம். அதுக்கு அந்தம்மா பதில் சொல்லலை. விருப்பமில்லைன்னு குறிச்சுக்கிட்டேன். அப்புறம் மத்த வீட்டுக்காரங்ககிட்ட என்னென்ன கேப்பீங்கன்னு அவங்க என்னைக் கேட்டாங்க. படிச்சுக் காட்டினேன். 'பிற மாநிலத்தவருக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பீர்களா, அவர்கள் சமைத்த உணவை உண்பீர்களா' இந்த மாதிரி. ஒடியாவுல ஏதோ வேகமாச் சொன்னாங்க. லிபிகா தயங்கிட்டே சொல்லுச்சு: "இதையெல்லாம் போய்க் கேக்காதீங்கன்னு அம்மா சொல்றாங்கக்கா. நீங்க கேக்கற வரைக்கும் அவிய யோசிக்கவே மாட்டாங்களாம். கேட்டீங்கன்னா யோசிப்பாங்களாம்."

ஆராய்ச்சின்னா என்னன்னு புரியாதவங்ககிட்ட என்ன சொல்ல. பேரு வெளிய வராது, பயப்படாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

ஜனவரி 29, வியாழன்

ருக்குமணியக்கா பேட்டி. முறுக்கு குடுத்தாங்க, கல்லு மாதிரி இருந்துச்சு. வாடகைக் கேள்விக்கு, குடுத்துத்தான கண்ணு இருக்கேன்னாங்க. சாப்பாட்டுக் கேள்வியைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "புதங்கெழமை புதங்கெழமை அந்தப் புள்ள மாவுலதான எங்கூட்டுல தோசையே. இதென்னங் கண்ணு கேள்வி." ஆமாம்னு குறிச்சேன். அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அவங்க போகலை.

"ஏங் கண்ணு, அப்படித் திங்காதவியளும் இருக்காங்களா?"

சில பேர் இருக்காங்கக்கான்னேன்.

"எதுக்காம்?"

நாங்க கேக்கத்தான்க்கா செய்வோம், காரணம் சொல்ல மாட்டோம்னு சொன்னேன். அப்படித்தான் எங்களுக்குப் பயிற்சி. முறுக்கு டப்பாவை மூடிக்கிட்டே கொஞ்ச நேரம் எதிர் ரூமைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

பிப்ரவரி 4, புதன்

மினதியக்கா அரைச்சு முடிச்சு வழக்கம்போலக் கிண்ணத்துல மாவு எடுத்துட்டுப் போனாங்க. "வேண்டாங் கண்ணு, புள்ள படிக்கிற புள்ள, நீங்களே வச்சுக்கங்க"ன்னு ருக்குமணியக்கா திருப்பிக் குடுத்துட்டாங்க. நல்ல மனசு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைன்னு ஒரு கரிசனம். குறிப்புல 'பரிவு'ன்னு எழுதி வச்சேன்.

மினதியக்கா கிண்ணத்தை வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க. ஏன் நிக்கிறாங்கன்னு எனக்குப் புரியலை.

பிப்ரவரி 8, ஞாயிறு

துணி துவைச்சேன். வேற எதுவும் நடக்கலை.

பிப்ரவரி 11, புதன்

எனக்குப் புரிஞ்சிடுச்சு. புரியாமலே இருந்திருக்கலாம்.

இன்னிக்கும் மாவு வேண்டாம்னுட்டாங்க. மினதியக்கா கிரைண்டரைக் கழுவி வச்சிட்டுப் போனதுக்கு அப்புறம் ருக்குமணியக்கா வெந்நீர் கொண்டாந்து மறுபடி கழுவினாங்க. குழவியைத் தனியாக் கழட்டி உப்புப் போட்டுத் தேய்ச்சாங்க. நான் பல்லு விளக்கிக்கிட்டு நின்னேன். என்னைப் பார்த்ததும் கூச்சமாச் சிரிச்சாங்க.

"ஏங் கண்ணு, நீங்க எல்லாத்தையும் கேட்டு எழுதியிருப்பீங்கள்ல. அவிய என்ன ஆளுங்க?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. "அதையெல்லாம் நான் சொல்லக் கூடாதுக்கா"ன்னேன்.

"சொல்லக் கூடாதுங்களா" அப்படின்னு மெதுவாத் திருப்பிச் சொல்லித் தலையாட்டினாங்க. எனக்கே தெரியாது, அவங்க சொல்லலைன்னு சொல்லியிருக்கலாம். நல்ல ஆளுங்கதான்க்கான்னு அடிச்சு விட்டிருக்கலாம். நல்ல ஆளுன்னா என்னன்னு நான் எந்த வாயால சொல்ல. பேசாம ரூமுக்குள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். ரகசியம் காக்கணும்னு விதிமுறையில இருக்கு, நான் காத்துட்டேன்.

பிப்ரவரி 14, சனி

கைடுக்கு ஃபோன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். நாம கேட்டதாலதான் சார் இது ஆரம்பிச்சதுன்னேன். "உணர்ச்சிவசப்படாதீங்க செல்வி. கேள்வி எதையும் உருவாக்காது, உள்ள இருக்கிறதை வெளிய கொண்டு வரும். நீங்க தலையிடாம கவனிங்க. அதான் உங்க வேலை."

உள்ள இருந்தா உள்ளயே இருந்துட்டுப் போகட்டுமே சார்னு சொல்ல நினைச்சேன். ஸ்காலர்ஷிப் கையெழுத்து அவர் கையில இருக்கு. சரிங்க சார்னேன்.

பிப்ரவரி 18, புதன்

கிரைண்டர் ரிப்பேராம். மினதியக்கா ஊறின அரிசியை வடிகட்டி எடுத்துட்டுப் போய் மிக்ஸியில அரைச்சாங்க. மிக்ஸி சூடாகி நின்னு நின்னு ஓடுச்சு.

பிப்ரவரி 19, வியாழன்

கிரைண்டர் ஓடுது. பக்கத்து ரூம் சாந்தாமணியக்கா முறை.

பிப்ரவரி 22, ஞாயிறு

சாந்தாமணியக்கா கம்பெனியில செக்கிங் பார்க்கிறவங்க. அவங்களும் மினதியக்காவும் ஒரே வேன்ல வேலைக்குப் போய் வருவாங்க. ஜனவரியில இவங்ககிட்ட முதல் சுற்றுப் பேட்டி எடுத்தப்போ சாப்பாட்டுக் கேள்விக்கு, அந்தப் புள்ள சுண்ட வறுக்குற கருவாட்டுக்கு நான் அடிமைங்கன்னு சொன்னவங்க. இன்னிக்கு ரெண்டாம் சுற்று. அதே கேள்வி.

"இல்லைன்னே போட்டுக்கங்க."

ஏன்க்கான்னேன், கேக்கக் கூடாதுன்னாலும். "எனக்கொண்ணும் இல்லீங். ஊட்டுக்காரம்மாவே வேண்டாங்கறாங்க, நான் மட்டும் தின்னேன்னா நாளைக்கு என்னைய என்னன்னு நெனப்பாங்க." சொல்லிட்டு அழுதுட்டாங்க. நான் பேனாவை வச்சுட்டேன். அப்புறம் எடுத்து 'இல்லை'ன்னு குறிச்சேன்.

மார்ச் 1, ஞாயிறு

நாச்சிமுத்து அய்யா எதிர் ரூமுக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்து நிதானமாப் பேசினார். சத்தமே இல்லை. கூரையில நீர்க்கசிவு இருக்குதாம், மராமத்துப் பார்த்து வெள்ளை அடிக்கணுமாம், பத்தாம் தேதிக்குள்ள காலி பண்ணிக் குடுத்தா நல்லதாம். "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, உங்க மேல ஒரு கொறையும் இல்ல" அப்படின்னு தனேஸ்வர் அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டார். அவரும் சரிங்கய்யா சரிங்கய்யான்னு தலையாட்டினார். மழை பெஞ்சு மூணு மாசமாச்சு, கசிவாம்.

லிபிகா உள்ள உக்காந்து சத்தமாப் படிச்சுக்கிட்டு இருந்துச்சு. பேச்சு ஆரம்பிச்சதும் சத்தம் நின்னுடுச்சு.

மார்ச் 5, வியாழன்

இந்த ஏரியாவுல வீடு கிடைக்கலை. எங்க போனாலும், நாச்சிமுத்து கவுண்டரு காம்பவுண்டுல இருந்து ஏன் காலி பண்றீங்கன்னு கேக்குறாங்களாம். கம்பெனியில தகரக் கொட்டகை இருக்கு, ஆம்பளைங்களுக்கு மட்டும். தனேஸ்வர் அண்ணன் அங்க போயிடுவார். அம்மாவும் பொண்ணும் ஊருக்குப் போகணும். போனா பரீட்சை போச்சு.

சாயங்காலம் மினதியக்கா லிபிகாவைக் கூட்டிக்கிட்டு என் ரூமுக்கு வந்தாங்க. இந்த முறை மொழிபெயர்ப்பு வேண்டாம்னுட்டு அவங்களே தமிழ்ல பேசினாங்க. வார்த்தை வார்த்தையா யோசிச்சு வச்சுக்கிட்டு வந்திருப்பாங்க போல. "மேடம். பரீட்சை முடியுற வரை பொண்ணு உங்க ரூம்ல படுக்கட்டும். நான் கம்பெனி வாசல்ல தினம் சோறு குடுத்துடுவேன். அவ சத்தம் போட மாட்டா."

அப்போ நீங்க எங்க இருப்பீங்கன்னு கேட்டேன். ஒரு தெரிஞ்சவங்க வீட்டு மொட்டைமாடின்னாங்க. பொண்ணைப் பார்த்தேன். எப்பவும் என்னைக் கேலி பண்ற பிள்ளை, என் செருப்பையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. தாராளமா இருக்கட்டும்க்கா, வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்னேன். ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே. இந்த ஊருக்கு வந்ததுல இருந்து அந்த ஒரு நிமிஷம்தான் நான் உருப்படியா இருந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

நாச்சிமுத்து அய்யா முழுக்கக் கேட்டார். கோபப்படலை. "நல்ல விஷயந்தானுங்க, படிக்கிற புள்ள. உங்க ரூமு, நீங்க வச்சுக்கறீங்க. ஆனா வயசுக்கு வந்த புள்ளைகளை நம்ம காம்பவுண்டுல வைக்கறப்போ பெரியவிய காதுல ஒரு வார்த்தை போட்டுரோணும். உங்கப்பாகிட்டப் பேசிட்டுச் சரின்னு சொல்லிடறேன். ஊரு பக்கம் நமக்குத் தெரிஞ்சவிய ஆரும் இருந்தாலும் பேசுன மாதிரி ஆச்சு. நம்பர் சொல்லுங்க."

ஃபோனைக் கையில வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தார்.

அப்பா ஃபோன் ரிப்பேருங்கன்னேன். "சரி, சரியானதும் பேசிக்கலாங்க" அப்படின்னார். அவர் முகத்துல சந்தேகமே இல்லை. அதுதான் தாங்க முடியலை.

மார்ச் 7, சனி

எழுதித் தொலைக்கிறேன். இந்த நோட்டை வேற யார் படிக்கப்போறா.

அப்பா பொய் சொல்ல மாட்டார். எந்தத் தெருன்னு கேட்டா, எங்க காலனி பேரை முழுசா, பெருமையா, நிறுத்தி நிதானமாச் சொல்லுவார். அவர் ஆயுசுல ஒருத்தர்கிட்டயும் அதை மறைச்சது கிடையாது. காலனிக்காரப் பிள்ளைன்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷம் என் ரூம்லயும் நீர் கசியும். நானும் வெளிய, என்கூட லிபிகாவும் வெளிய. அந்தப் பிள்ளைக்கு எதுவும் மிஞ்சாது. நேத்துல இருந்து இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருக்கேன். சரியாத்தான் இருக்கு கணக்கு. சரியா இருக்கிறதாலதான் எனக்கு என்மேலயே நம்பிக்கை வரலை.

அம்மாகிட்டக் கேட்டேன், அப்பாவை ஒரே ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு பக்கம்னு மட்டும் சொல்லச் சொல்லேன்னு. "நான் சொன்னா கேப்பாரு. ஒனக்காகச் சொல்லவும் செய்வாரு. அதுக்கப்புறம் அந்த மனுசன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்க?"ன்னா. வேண்டாம்மா, விட்ருன்னேன்.

மினதியக்காகிட்டப் போய், எங்க கைடு ஒத்துக்க மாட்டேங்கிறார்க்கா, ஆராய்ச்சி விதியில இடமில்லைன்னு சொன்னேன். லிபிகா அதை மொழிபெயர்க்கலை. அவங்க அம்மா உள்ள போய் ஒரு தட்டுல பொரி கொண்டாந்து குடுத்தாங்க. நான் வாங்கித் தின்னேன். என்ன ஜென்மம் நான்.

மார்ச் 10, செவ்வாய்

போயிட்டாங்க. ரெண்டு மூட்டை, ஒரு டிரங்குப் பெட்டி, மிக்ஸி. மொட்டைமாடிக்காரங்களும் கடைசியில கையை விரிச்சுட்டாங்களாம். ருக்குமணியக்கா வழிக்குப் புளிசாதம் கட்டிக் குடுத்தாங்க, லிபிகா தலையைத் தடவி நல்லாப் படிக்கணுங் கண்ணுன்னாங்க. நடிப்பு இல்லை, கண்ணு நிஜமாவே கலங்கியிருந்துச்சு. அவங்களைக் கெட்டவங்கன்னு எழுதிட்டா எனக்குச் சுலபமாப் போயிடும்.

லிபிகா என்கிட்ட வந்துச்சு. "அக்கா, ஹால் டிக்கெட் ஸ்கூல்ல குடுப்பாங்க. எனக்காக வாங்கி வச்சுக்கறீங்களா? டிக்கெட் கெடச்சா நான் மட்டும் எப்படியாச்சும் வந்துருவேன்." வாங்கி வைக்கிறேன்னேன். எங்க வந்து, எங்க தங்கும்னு ரெண்டு பேருமே கேட்டுக்கலை.

மார்ச் 12, வியாழன்

ரெண்டு சுற்று விவரத்தையும் கைடுக்கு அனுப்பினேன். உடனே ஃபோன். இவ்வளவு குறுகின காலத்துல மனப்பான்மை இவ்வளவு மாறினது அபூர்வமாம். டெல்லி கருத்தரங்குல நான் வாசிக்கணுமாம். வாழ்த்துகள் செல்வின்னார். நன்றி சார்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

எதிர் ரூமுக்கு வெள்ளை அடிச்சாச்சு. வெள்ளை அடிச்ச தம்பியை அனுப்பி நாச்சிமுத்து அய்யா என் ரூம்லயும் ரெண்டு ஆணி அடிச்சுக் குடுத்தார், சாமி படம் மாட்டிக்கங்க அம்மிணின்னு. ஒண்ணுல துண்டு போட்டிருக்கேன். இன்னொண்ணு சும்மா இருக்கு.

பள்ளிக்கூடத்துல போய்க் கேட்டேன். ஹால் டிக்கெட்டை மாணவிகிட்ட நேர்லதான் குடுப்பாங்களாம். தனேஸ்வர் அண்ணன் நம்பர் எடுக்கலை.

மார்ச் 24, செவ்வாய்

ருக்குமணியக்கா ஒரு படி இட்லி அரிசியும் உளுந்தும் கொண்டாந்து வச்சாங்க. "எத்தனை நாளைக்குங் கண்ணு அந்தப் பாக்கெட் மாவைத் தின்னு ஒடம்பைக் கெடுத்துக்குவீங்க. புதங்கெழமை காலியாத்தான் கெடக்குது. நாளைக்கு நீங்க அரைங்க."

இந்த ரெண்டு மாசமா நான் எதுக்குப் பாக்கெட் மாவு வாங்கினேன்னு எனக்குத் தெரியும். சோம்பல் எல்லாம் இல்லை. அந்த ஒரு கிண்ணம்தான். வேண்டாம்க்கான்னேன். விடலை. எனக்கு முன்னாடியே தண்ணி ஊத்தி ஊறப்போட்டுட்டுத்தான் போனாங்க.

மார்ச் 25, புதன்

அரைச்சேன். கிண்ணத்துல எடுத்து வச்சேன். சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க.

மார்ச் 26, வியாழன்

இன்னிக்கு முதல் பரீட்சை, தமிழ். காலையில பஸ் ஸ்டாப்புல போய் நின்னேன், யூனிஃபார்ம்ல பிள்ளைங்க அட்டையும் பேனாவுமாப் போய்க்கிட்டே இருந்துச்சுங்க. வர்ற ஒவ்வொரு பஸ்ஸாப் பார்த்தேன். பரீட்சை மணி அடிக்கிற நேரம் தாண்டியும் நின்னுட்டு வந்தேன்.

வாசல்ல கால் வைக்கும்போதே ருக்குமணியக்கா கூப்பிட்டாங்க. அடுப்படிக்கு முன்னாடி உக்கார வச்சாங்க. நாச்சிமுத்து அய்யா ஏற்கெனவே சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். எனக்கு ஒரு தோசை, அக்காவுக்கு ஒரு தோசை, மறுபடி அவருக்கு ஒண்ணு. "மாவு எப்படிப் பொங்கியிருக்குது பாருங்க"ன்னு அவர்கிட்டச் சொன்னாங்க. அவரும் பிட்டு வாயில போட்டுக்கிட்டுத் தலையாட்டினார்.

"என்ன இருந்தாலும் நம்ம ஆளுங்க கை தனிதானுங்க அம்மிணி."

ஆமாங்கன்னேன். அக்கா என் தட்டுல இன்னொரு தோசை போட்டாங்க. அடுத்த புதனுக்கு வெந்தயம் கொஞ்சம் சேர்த்துப் போடச் சொன்னாங்க.